கேரியரில் ஏறாத நண்பன்

கேள்வி:

வணக்கம் மேடம். கடலூரில் பிளஸ் டூ படிக்கிறேன், வயது 17. ஆறாம் வகுப்பிலிருந்து நாங்கள் நாலு பேர் ஒரே செட். பெயர் எழுதப் பயமாக இருக்கிறது, பட்டப்பெயரையே எழுதுகிறேன். முதல் ஆள் கேரியர். பதினொன்றாவதில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளை அவன் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போகிறார். அவன் ஆறாவதிலிருந்து இன்றுவரை என் சைக்கிள் கேரியரில்தான். இன்னொருத்தன் கோல்கீப்பர். மூன்றாவது நோட்ஸ். அவன் நோட்டைப் பார்த்துத்தான் நாங்கள் மூன்று பேரும் பாஸ் ஆகிறோம்.

எனக்குப் பையன்களைத்தான் பிடிக்கிறது. ஒன்பதாவதிலேயே தெரியும். அரையாண்டு லீவில் சில்வர் பீச்சில் வைத்துக் கேரியரிடம் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் அவன் எதுவும் பேசவில்லை. அப்புறம் "சரி, டீ குடிக்கலாம் வா" என்றான். காசும் அவனே கொடுத்தான். கிளம்பும்போது "நீ போடா, நான் பஸ்ல வர்றேன்" என்றான். மூன்று வாரம் ஆகிறது. நன்றாகத்தான் பேசுகிறான், ஆனால் என் கேரியரில் ஏறுவதே இல்லை. அவன் அம்மாவும் என் அம்மாவும் ஒரே மகளிர் குழு. வீட்டில் சொல்லிவிடுவானோ என்று தூக்கம் வருவதில்லை.

மற்ற இரண்டு பேரிடம் மறைப்பது துரோகம் மாதிரி இருக்கிறது. ஃபேர்வெல் அன்றைக்கு எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரேயடியாக எழுதிப் போட்டுவிடலாமா? டாக்டரைப் பார்த்தால் இது மாறுமா?

— பெயர் வேண்டாம், கடலூர்

(கடிதம் ஏழு பக்கம். சுருக்கியிருக்கிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டேன், சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன்.)

பதில்:

தம்பி,

என் பெரிய பையனுக்கு உன்னைவிட இரண்டு வயதுதான் கூட. அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. புதுச்சேரியில் பத்தொன்பது வருடமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். இந்த விஷயத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலும் "வீட்டில் எப்படிச் சொல்வது" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நீ சைக்கிள் கேரியரில் ஆரம்பித்திருக்கிறாய். நான்கு நாளாக அந்தக் காலி கேரியர்தான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் அதையே பேசிவிடலாம்.

அன்றைக்கு உன் நண்பன் மூன்று காரியம் செய்திருக்கிறான். பேசாமல் உட்கார்ந்திருந்தான். டீ வாங்கிக் கொடுத்தான். பஸ்ஸில் போனான். நீ மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டு மூன்று வாரமாகத் தூங்காமல் கிடக்கிறாய். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது. துக்க வீட்டில் என்ன பேச வேண்டும், கல்யாண வீட்டில் என்ன பேச வேண்டும் என்று நாம் பெரியவர்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிறோம். சிநேகிதன் ஒருவன் "எனக்குப் பையன்களைத்தான் பிடிக்கும்" என்று சொன்னால் என்ன பேச வேண்டும் என்பதை அவன் எந்த வீட்டில் பார்த்திருப்பான்? வாயில் வார்த்தை வரவில்லை, டீக்கடை கண்ணில் பட்டது. மகனுக்கு வந்த சைக்கிளை அப்பா வேலைக்கு ஓட்டிக்கொண்டு போகிற வீட்டுப் பையன். அவன் சட்டைப் பையிலிருந்து இரண்டு டீக்குக் காசு போயிருக்கிறது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

சரி, பஸ். நம் ஊர்ப் பையன்கள் தொட்டுத்தான் பழகுவார்கள். தோளில் கை போட்டுக்கொள்வது, சுண்டுவிரலைக் கோத்துக்கொண்டு நடப்பது, ஒரே பைக்கில் மூன்று பேர் ஒட்டிக்கொண்டு போவது எல்லாம் இங்கே சாதாரணம். யாரும் அதற்கு அர்த்தம் தேடியதில்லை. நீ சொன்ன பிறகு அவன் தேடத் தொடங்கியிருப்பான். கேரியரில் உட்கார்ந்தால் உன் இடுப்பைப் பிடிக்க வேண்டும். "இத்தனை நாள் சும்மா பிடித்தோம், இனிமேல் பிடித்தால் இவன் என்ன நினைப்பான்?" இந்த ஒரு கேள்வி போதும் ஒருவனைப் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்ப.

சில வருடங்களுக்கு முன்னால் இரண்டு கல்லூரி மாணவர்கள் என்னிடம் வந்தார்கள். ஒருவன் மற்றவனிடம் சொல்லியிருக்கிறான். கேட்டவன் அன்றிலிருந்து மெஸ்ஸில் ஒரு நாற்காலி தள்ளி உட்கார ஆரம்பித்துவிட்டான். சொன்னவன் "அருவருப்பு வந்துவிட்டது" என்று முடிவு கட்டி இரண்டு மாதம் பேசவே இல்லை. என் எதிரில் உட்கார வைத்துக் கேட்டபோது அந்தத் தள்ளி உட்கார்ந்தவன் சொன்னது: "பக்கத்துல உரசிக்கிட்டு உட்கார்ந்தா அவனுக்குத்தான் சங்கடமா இருக்கும்னு நினைச்சேன் மேடம்." அவன் தன் கணக்குக்கு மரியாதை கொடுத்திருக்கிறான், இவன் கணக்குக்கு அது அவமானமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வாயைத் திறந்து கேட்டிருந்தால் இரண்டு மாதம் மிச்சம்.

எல்லோரும் இப்படித்தான் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். நிஜமாகவே விலகிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் விலகுகிறவன் மூன்று வாரம் உன்னோடு நன்றாகப் பேசிக்கொண்டிருக்க மாட்டான். இப்படிச் சொன்னதைக் கேட்ட பையன்கள் பலருக்கு ஒரு கேள்வி தொண்டையில் நிற்கும்: "அப்ப என்மேலயும் உனக்கு அப்படியா?" கேட்க வெட்கம், கேட்காமலும் இருக்க முடியாது. அவன் கேட்கும்வரை காத்திருக்காதே. உன் மனதில் அவன்மேல் அப்படி ஒன்றும் இல்லை என்று எனக்கு எழுதியிருக்கிறாய். அதை எனக்கு எழுதி என்ன பிரயோஜனம், அவனிடம் சொல். "உன்மேல எனக்கு அந்த மாதிரி எதுவும் இல்லடா. நீ எனக்கு எப்பவும் போலத்தான்." இவ்வளவு போதும். விளக்கவுரை வேண்டாம்.

அடுத்தது அம்மாக்கள். ஒன்று கேட்கிறேன்: யாரிடமும் சொல்லாதே என்று அவனிடம் சொன்னாயா? ஏழு பக்கத்தில் அது எங்கேயும் இல்லை. சொல்லாமலே தெரியும் என்று நினைத்திருப்பாய். தெரியாது. இந்த விஷயம் வீடுகளுக்குப் போகிற பெரும்பாலான நேரங்களில் கெட்ட எண்ணம் இருப்பதில்லை, பாரம்தான் இருக்கிறது. கேட்டவனுக்கு மனசு தாங்காமல், ராத்திரி சாப்பிடும்போது "ஏன்டா ஒரு மாதிரி இருக்க?" என்று அவன் அம்மா கேட்க, கொட்டிவிடுவான். அந்தம்மா நல்லது செய்வதாக நினைத்து அடுத்த குழுக் கூட்டத்தில் உன் அம்மாவைத் தனியாகக் கூப்பிடுவார்கள். அதனால் தெளிவாகச் சொல்லிவிடு: "இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். உங்க அம்மாகிட்டகூட வேண்டாம்." கூடவே, அவனுக்கும் ஒரு போக்கிடம் கொடு. "உனக்கு ஏதாவது கேக்கணும்னா என்கிட்டயே கேளு." 14416 என்று டெலிமானஸ் மனநல உதவி எண் ஒன்று இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். அந்த எண் உனக்கு மட்டும் இல்லை, உன்னால் குழம்பிப்போன அவனுக்கும்தான்.

வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் பற்றி நான் உனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதைவிட எனக்கு வேறு ஒரு கவலை. குரூப்பில் போட்டால் மூன்று பேரும் உன்னைப் பார்த்துப் பதில் சொல்ல மாட்டார்கள், ஒருவனை ஒருவன் பார்த்துத்தான் சொல்வார்கள். கோல்கீப்பர் முதல் ஆளாக ஒரு சிரிக்கும் பொம்மையைத் தட்டிவிட்டால், அதற்குப் பிறகு நோட்ஸ் என்ன எழுதுவான்? மனசில் வேறு இருந்தாலும் அவனும் ஒரு பொம்மையைத்தான் போடுவான். கும்பலில் முதல் சத்தம் எதுவோ அதுதான் எல்லோருடைய சத்தமும். தனியாக உட்கார்ந்து கேட்கிறவன்தான் தன் வாயால் பேசுவான். தவிர, நம் வீடுகளில் போன் யாருக்குத் தனிச்சொத்து? தங்கச்சி கேம் விளையாடும், அப்பா யாருக்காவது பணம் அனுப்பும், அந்த நேரம் பார்த்து மேலே ஒரு வரி மின்னும். ஃபேர்வெல் அன்றைக்குக் கேட்கவே வேண்டாம், போட்டோவுக்காகப் போன் கை மாறிக்கொண்டே இருக்கும்.

துரோகம் என்ற சொல்லையும் கொஞ்சம் கீழே வை. உங்கள் செட்டில் மற்ற மூன்று பேரும் தங்கள் வீட்டு ரகசியம் எல்லாவற்றையும் உன்னிடம் கொட்டிவிட்டார்கள் என்றா நினைக்கிறாய்? ஒவ்வொருவனிடமும் ஏதோ ஒன்று இருக்கும். உன் வாழ்க்கையைப் பற்றி யாருக்கு எப்போது சொல்வது என்பது உன் கையில் இருக்கிறது. சொன்ன பிறகு அது உன் கையில் இல்லை. சொல்லாததை நாளைக்குச் சொல்லலாம், சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. அதனால் யாரிடம் முதலில், யாரிடம் அப்புறம் என்ற வரிசைதான் முக்கியம் என்பேன். அன்பு எவ்வளவு என்று பார்த்து வரிசை போடாதே. வாய் எவ்வளவு கெட்டி என்று பார்த்துப் போடு.

அப்படிப் பார்த்தால் நோட்ஸ். உன் கடிதத்தில் அவனுக்கு இரண்டே வரி. "அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கெமிஸ்ட்ரியில் நான் ஃபெயில் ஆனதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை." சொல்ல ஒன்றும் இல்லாத அந்த ஆளைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

கேரியருக்கு முக்கால் பக்கம். கோல்கீப்பருக்கு? எண்ணிப் பார்த்தேன், இரண்டரைப் பக்கம். அவன் பெனால்டி தடுத்தது, அடிபட்ட முழங்கால், சிரிக்கும்போது கண் மூடிக்கொள்வது. ஒன்றும் சொல்லவில்லை, தம்பி. படித்தேன், அவ்வளவுதான். ஆனால் அப்படி ஏதாவது இருந்தால் ஒரு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள்: "நான் இப்படி" என்பதும் "உன்னைப் பிடிக்கும்" என்பதும் இரண்டு பேச்சு. ஒரே மூச்சில் இரண்டையும் யாரிடமும் சொல்லாதே. முதலாவதற்கு அவன் நண்பனாக இருந்து பதில் சொன்னால் போதும். இரண்டாவதைச் சேர்த்தால் அவன் தப்பிக்க வழி தேடுவான், கூடவே முதலாவதும் அடிபட்டுப்போகும். பெண்ணைப் பிடித்துப்போன பையனுக்கும் இந்த வயதில் இதே வலிதான், அவனுக்கு அழுது தீர்க்க ஊர் முழுக்கப் பாட்டு இருக்கிறது, உனக்கு இல்லை. அது அநியாயம்தான். ஆனாலும் இந்த வருடம் அந்த இரண்டரைப் பக்கத்தை என்னோடு நிறுத்திக்கொள்.

கோல்கீப்பர் மற்ற பையன்களை 'ஒம்பது' என்று கிண்டல் செய்வதாகவும் எழுதியிருக்கிறாய். அப்படிச் சொல்கிற எல்லோரும் விரோதி என்று நான் முடிவு கட்ட மாட்டேன். பாதிப் பேர் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்கிறவர்கள்தான், தன் சிநேகிதன் என்று தெரிந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். ஆனால் அந்தப் பாதியில் இவன் இருக்கிறானா என்று பார்க்க உன்னைப் பணயம் வைக்க வேண்டாம். சும்மா வேறு பேச்சாக எடுத்துப் பார். இது குற்றம் இல்லை என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றி, செய்தியில் வந்த யாரையாவது பற்றி. அவன் முதலில் சொல்வதை விட்டுவிடு, நீ சிரிக்காமல் இருந்த பிறகு என்ன சொல்கிறான் என்று கவனி.

தீர்ப்பு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நீயும் கேரியரும் உட்கார்ந்திருந்த தேவனாம்பட்டினத்திலேயே, கெடிலம் ஆற்றோரமாக, செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. ஆங்கிலேயக் கம்பெனிக்காரர்கள் 1690-ல் வாங்கிய கோட்டை, 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்துப் போட்டார்கள். ஆணும் ஆணும் சேர்ந்தால் ஜெயில் என்ற 377-ஆம் பிரிவை 1860-ல் எழுதியது அந்தக் கோட்டைக்காரர்களின் வாரிசுகள்தான். பாண்டிச்சேரியை ஆண்டவர்களின் நாட்டில் 1791-லேயே அதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். "இதெல்லாம் நம்ம கலாச்சாரத்தில் இல்லை" என்று யாராவது சொல்லும்போது எனக்குள் நான் சிரித்துக்கொள்வது இதற்காகத்தான். நம்மிடம் இல்லாதது அந்தச் சட்டம். 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து, வயது வந்தவர்கள் சம்மதத்தோடு சேர்ந்து வாழ்வது குற்றம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்போது நீ ஆரம்பப் பள்ளியில் இருந்திருப்பாய். கல்யாணத்துக்குச் சட்ட அங்கீகாரம் இன்னும் வரவில்லை, 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் அதை நாடாளுமன்றத்தின் வேலை என்று விட்டுவிட்டது. அது உன் இன்றைய கவலை இல்லை.

டாக்டரைப் பார்த்தால் மாறுமா என்று கேட்டாய். மாறாது. மாற்ற வேண்டிய நோயும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-ல் இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமும் 2018-ல் இது நோய் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் மதித்த ஒரு மூத்தவர் இப்படி வந்த பையனின் பெற்றோரிடம் "சீக்கிரம் ஒரு கல்யாணத்தைப் பண்ணி வையுங்க, சரியாப் போயிடும்" என்றார். பக்கத்தில் நான் பேசாமல் நின்றேன். பண்ணியும் வைத்தார்கள். இரண்டு பேர் வாழ்க்கை போனது. அந்தப் பெண் பிறகு ஒருநாள் தனியாக என்னிடம் வந்து, "என்கிட்ட என்ன குறைன்னு சொல்லுங்க" என்று கேட்டாள். அவளிடம் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

இப்போது அப்படிச் சொன்னால் மாட்டிக்கொள்வார்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் ஒரு உத்தரவு போட்டார். பாலின ஈர்ப்பை மாற்றுகிறேன் என்று சிகிச்சை கொடுக்கவே கூடாது, கொடுத்தால் உரிமமே போகும் என்றார். அதற்குப் பிறகு தேசிய மருத்துவ ஆணையமும் 2022-ல் அப்படிப்பட்ட சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு: தனக்கு இதைப் பற்றிச் சரியாகத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, நீதிபதி தானே ஒரு உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து தீர்ப்பு எழுதினார். உயர் நீதிமன்ற நீதிபதிக்கே அவகாசம் தேவைப்பட்டிருக்கிறது. கேரியருக்கு மூன்று வாரம்தான் ஆகியிருக்கிறது.

என்ன சொல்லிச் சொல்வது என்றும் நீ ஒரு இடத்தில் கேட்டிருந்தாய். "நான் அந்த மாதிரி" என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். 'அந்த மாதிரி' என்றால் அவன் எந்த மாதிரி என்று எடுத்துக்கொள்வான்? நம் பக்கத்துப் பையனுக்கு உடனே கூவாகம்தான் ஞாபகம் வரும். "அப்ப நீ பொண்ணா மாறப் போறியா?" என்று கேட்பான். திருநங்கைகள் வேறு, நீ சொல்வது வேறு. ஒன்று தன்னை யாராக உணர்கிறோம் என்பது, மற்றது யார்மேல் ஈர்ப்பு வருகிறது என்பது. இரண்டில் எதுவும் கேவலம் இல்லை, அதனால் "சே சே, அது இல்லடா" என்று மூக்கைச் சுளித்துச் சொல்லாதே. "இல்லடா, நான் பையன்தான். எனக்குப் பையன்களைப் பிடிக்கும்" என்றால் முடிந்தது. ஓரினச்சேர்க்கை என்ற பழைய சொல் படுக்கையறையைத்தான் முதலில் காட்டும். தன்பாலீர்ப்பு என்பது மனசைச் சொல்கிறது. எழுத நல்ல சொல், பீச்சில் உட்கார்ந்து வாயில் வராது. 'கே' என்பது பையன்களுக்குப் புரியும், ஆனால் அவர்களிடம் அது கெட்ட வார்த்தையாகவும் புழங்குகிறது. என் ஆலோசனை, பெயர்ச்சொல்லே இல்லாமல் ஒரு முழு வாக்கியமாகச் சொல்.

எங்கே, எப்போது என்பதற்கு எனக்கு ஒரே ஒரு பிடிவாதம்தான்: எதிரெதிரே உட்கார்ந்து சொல்லாதே. முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னால் ஒவ்வொரு கண் சிமிட்டலுக்கும் அர்த்தம் தேடுவாய். பக்கத்தில் நடந்துகொண்டே சொல். பாண்டி பீச் ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வண்டி விட மாட்டார்கள், காந்தி சிலையிலிருந்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எத்தனை தடவை வேண்டுமானாலும் நடக்கலாம், உங்களைத் தெரிந்தவர்கள் அங்கே குறைவு. நோட்ஸிடம் பொதுத்தேர்வு முடிந்த பிறகு சொல். உனக்காக மட்டும் சொல்லவில்லை. அவன் மார்க்கும் இருக்கிறதே.

வீட்டில் இப்போது வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். உன் அப்பாவைப் பற்றி நீ எழுதியதை வைத்துச் சொல்கிறேன். கல்லூரி ஃபீஸும் சாப்பாடும் அவர் கையில் இருக்கும்போது அவருடைய முதல் கோபத்துக்கு நீ ஆளாகக் கூடாது. தைரியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் உன் ஹாஸ்டல் ஃபீஸைக் கட்டப்போவதில்லை. ஒருவேளை எப்படியோ தெரிந்து, அடி உதை என்று வந்தால், 1098-க்குப் போன் செய். பதினெட்டு வயதுக்குள் இருக்கும் உனக்கான எண் அது. பேய் ஓட்ட என்று எங்காவது கூட்டிக்கொண்டு போகப் பார்த்தாலும் அதே எண்.

ஊரில் இருக்கிற ஆலோசகர் யாரையாவது நேரில் பார்க்க நினைத்தால், உட்கார்ந்ததும் முதல் கேள்வியாக "நான் சொல்வதை எங்கள் வீட்டில் சொல்வீர்களா?" என்று கேட்டுவிடு. நீ இன்னும் மைனர், சில விஷயங்களைப் பெற்றோரிடமோ அதிகாரிகளிடமோ சொல்லியாக வேண்டிய கட்டாயம் எங்களுக்கு உண்டு. எதைச் சொல்வோம், எதைச் சொல்ல மாட்டோம் என்று தெளிவாகச் சொல்கிறவரிடம் பேசு. மழுப்புகிறவரிடம் தேர்வு பயம் என்று ஏதாவது பேசிவிட்டு எழுந்து வந்துவிடு. சென்னையிலிருந்து நடக்கும் ஓரினம் என்ற தன்னார்வக் குழுவின் இணையதளத்தில் தமிழிலேயே நிறைய இருக்கிறது, பெற்றோர் எழுதியவைகூட. அதைப் படித்தால் உன் அம்மா என்ன பாடு படுவார்கள் என்பதும் புரியும். போனில் ஹிஸ்டரியை அழித்துவிடு.

ஆள் தேடும் ஆப்களில் மட்டும் வயதை மாற்றிப் போட்டு நுழையாதே. பதினெட்டு ஆகாத பையன் அங்கே போய்ப் படம் அனுப்பி, அதை வைத்துப் பணம் பிடுங்குகிறவனிடம் மாட்டி, என்னிடம் அழுதுகொண்டு வந்தவர்கள் உண்டு. ஏற்கெனவே மாட்டியிருந்தால் வெட்கப்படாமல் எழுது, திட்ட மாட்டேன். பணம் மட்டும் அனுப்பாதே, ஒரு தடவை அனுப்பினால் நிற்காது.

தூக்கம் வரவில்லை என்பதை ஓரமாக ஒரு வரியில் எழுதியிருக்கிறாய். மூன்று வாரம் என்பது சின்ன விஷயம் இல்லை. இதற்கு மேலும் தூங்க முடியாமல் போனாலோ, செத்துப்போனால் தேவலை என்கிற மாதிரி ஒரு நினைப்பு ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தாலோ, என் அடுத்த பதிலுக்குக் காத்திருக்காதே. அன்று ராத்திரியே 14416. எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை, "தூக்கம் வரலை, பயமா இருக்கு" என்று ஆரம்பித்தால் போதும்.

இனி கேரியர். நாளைக்கோ மறுநாளோ ஸ்கூல் விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நில். மூன்று வாரக் கணக்கு எதையும் எடுக்காதே. "ஏன்டா ஏற மாட்டேங்கிற?" என்றும் கேட்காதே. "ஏறுடா" என்று மட்டும் சொல். ஏறினால் நல்லது. உன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான், முகம் தெரியாத தைரியத்தில், அவன் இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்பான். மெதுவாக மிதி. பதில் சொல்ல நேரம் வேண்டும் உனக்கு.

ஏறவில்லை, "பஸ்ல போறேன்" என்கிறான் என்றால், சரி என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவனோடு பஸ் ஸ்டாப் வரை நட.